பஃபியின் ‘ஜெட் சிடி’: ஸ்டூடியோ ஆல்பம் என்றால் என்ன?

ஆல்பம் என்று சொன்னால் நம் வீடுகளில் பாதிப் பேருக்குக் கல்யாண ஆல்பம்தான் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு ஒரு படத்தில் வந்த ஐந்தாறு பாட்டு. “அந்த ஆல்பத்துல எல்லாப் பாட்டும் ஹிட்டு” என்று டீக்கடையில் பேசுவோமே, அது. இதில் கல்யாண ஆல்பத்தை நினைத்தவர்தான் அந்தச் சொல் பிறந்த இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறார்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். ஒரு பெரிய சிம்பொனியைப் பதிய வேண்டுமென்றால் நாலைந்து தட்டு ஆகிவிடும். அவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தால் தொலைந்து போகும், வரிசையும் மாறிப்போகும். அதனால் காகித உறைகளைப் பக்கங்களாக வைத்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு, போட்டோ ஆல்பம் போலவே விற்றார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்றும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஒரே தட்டில் எல்லாம் அடங்கிவிட, அந்தப் புத்தகம் காணாமல் போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சரி, ‘ஸ்டூடியோ’ என்ற அடைமொழி எதற்கு? இதற்கும் கல்யாண ஆல்பமே உதவும். பந்தியில் யாரோ வாயைத் திறந்து சிரிக்கும்போது எடுத்த படம் இருக்கிறது. மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய், பின்னால் திரை மாட்டி, விளக்கு வைத்து, “கொஞ்சம் தலையைச் சாயுங்க” என்று சொல்லி எடுத்த படமும் இருக்கிறது. முதலாவது லைவ், இரண்டாவது ஸ்டூடியோ. மேடையில் பாடியதை அப்படியே பதிந்தால் லைவ் ஆல்பம். ஏற்கெனவே வந்து புகழ்பெற்ற பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் தொகுப்பு. பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து, புதிய பாட்டுகளை உருவாக்கி, எது முதலில் எது கடைசியில் என்று முடிவு செய்து, பாடகரின் பெயரில் ஒரு முழுப் படைப்பாக வெளியிட்டால் அதுதான் ஸ்டூடியோ ஆல்பம். ஜப்பானில் இதற்கு வழங்கும் பெயர் ‘ஒரிஜினல் ஆல்பம்’. அந்தப் பெயர் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. எந்த அறையில் பதிந்தார்கள் என்பதைவிட, இந்தப் பாட்டுகள் இங்கேதான் ஒன்றுசேர்ந்தன என்பதுதானே விஷயம்.

இலக்கணம் சொல்லிவிட்டேன். ஆனால் இதைப் படித்ததும் ஆல்பம் புரிந்துவிடாது. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது ‘ஜெட் சிடி’. 1998 ஏப்ரலில் பஃபி என்ற ஜப்பானியப் பெண் பாடகர் ஜோடி வெளியிட்டது. இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் இசைத்தட்டு வியாபாரம் உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1998. அந்த ஒரே ஆண்டில் 60,000 கோடி யென்னுக்கு மேல் வியாபாரம். அதன் பிறகு இறங்குமுகம்தான். ஜப்பானில் ஆல்பம் என்ற பண்டம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க இதைவிடத் தோதான வருஷம் கிடைக்காது.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். ஒருவர் ஓனுகி அமி, இன்னொருவர் யோஷிமுரா யூமி. அமி டோக்கியோ பக்கம், யூமி ஒசாகா பக்கம். 1996 மே மாதம் இவர்களின் முதல் பாட்டு வந்தது. அந்தக் காலத்து ஜப்பானிய பாப்பை ஆண்டுகொண்டிருந்தவர் கொமுரோ தெத்சுயா என்ற இசையமைப்பாளர். வேகமான நடன இசை, உச்ச ஸ்தாயியில் பாடும் பெண் குரல், பளபளக்கும் உடை, கச்சிதமான நடனம்: அதுதான் அன்றைய வாய்பாடு. பஃபி இருவரும் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, காய்கறி வாங்க வந்தவர்கள் போல மேடையில் நின்று, கையை லேசாக ஆட்டிக்கொண்டு பாடினார்கள். இதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘தத்சுரியோகு’. விறைப்பை விட்டது, உடம்பைத் தளர்த்திக்கொண்டது என்று பொருள். நம் பேச்சில் சொன்னால் ‘அலட்டிக்காத’ பாணி.

இந்த அலட்டாமைக்குப் பின்னால் பயங்கரமாக யோசித்த ஒருவர் இருந்தார்: ஒகுதா தமியோ. யூனிகார்ன் என்ற ராக் குழுவின் பாடகராக இருந்தவர். அந்தக் குழு 1993இல் கலைந்த பிறகு தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். பஃபிக்குப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தயாரித்தது அவர். பீட்டில்ஸ் முதலான அறுபது, எழுபதுகளின் பிரிட்டிஷ் இசையைக் கரைத்துக் குடித்தவர். அதை ஒளித்து வைக்கவும் இல்லை. பஃபியின் இரண்டாவது சிங்கிள் (ஒரு பாட்டுக்காக வரும் சின்னத் தட்டு) ‘இதுதான் நான் வாழும் வழி’ என்று பொருள்படும் தலைப்போடு வந்தது. கேட்டால், ஆரம்பகால பீட்டில்ஸின் ஹார்மோனிகாவும் கிட்டாரும் கோரஸும் ஜப்பானிய மொழியில் குடியேறிவிட்டது போல இருக்கும். திருட்டு என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

முதல் பாட்டுக்கு வரிகள் எழுதியவர் இனோவே யோசுய், எழுபதுகளிலிருந்தே பெரிய பெயர். பாட்டின் தலைப்பைத் தமிழில் ‘ஆசியாவின் வெள்ளை மனசு’ எனலாம். அது தொடங்குவதே ஊர்ப்பெயர்களில்: பெய்ஜிங், பெர்லின், டப்ளின், லைபீரியா. ஆசியா என்று தலைப்பு வைத்துவிட்டு டப்ளினும் லைபீரியாவும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள் என்பதுதான் பதில். ஜப்பானிய உச்சரிப்பில் அவை பெகின், பெருரின், டபுரின், ரிபெரியா. ‘ரின்’னுக்கு அப்புறம் ‘ரின்’, அந்த ‘ரி’யைப் பிடித்துக்கொண்டு ரிபெரியா. வரைபடத்தில் இல்லாத சாலை நாக்கில் இருக்கிறது. நாம் இயைபு என்போமே, அதன் சேட்டைக்கார வடிவம். இந்தப் பாட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

1997இல் வந்த இன்னொரு பாட்டின் தலைப்பு ‘கடற்கரை குறித்த இத்யாதி’. ‘இத்யாதி’ என் கைவரிசை இல்லை, ஜப்பானியத் தலைப்பிலேயே ‘எட்செடரா’ இருக்கிறது. டிஸ்கோ தாளம். வரிகள் மறுபடியும் யோசுய்தான். பல்லவியில் நண்டு சாப்பிடப் போகலாம் என்று ஒரு அழைப்பு வரும். உடனே அடுத்த அடியில் வெட்கப்பட்டுக்கொண்டே போகலாம் என்று வரும். ஜப்பானிய மொழியில் நண்டுக்குக் ‘கனி’ என்று பெயர். வெட்கப்பட்டு என்பது ‘ஹனிகண்டே’. கனி, ஹனிகண்டே என்று எழுத்துகள் புரண்டு விளையாடுவதற்காகத்தான் நண்டுக்கு அந்தப் பாட்டில் இடம். முதலில் கேட்டபோது எனக்கென்னவோ பழம் சாப்பிடப் போகிறார்கள் என்றுதான் பட்டது. அர்த்தம் தெரிந்த பிறகும் இந்த இடத்தில் என் மூளை ஒரு மாம்பழத்தைத்தான் காட்டுகிறது.

குரல் விஷயத்துக்கு வருகிறேன், இது ஆல்பத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. இருவர் சேர்ந்து பாடினால் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாகப் பிரிந்து ஹார்மனி பாடுவதைத்தான் நாம் எதிர்பார்ப்போம். ஜப்பானில் அதற்குப் பெரிய மரபே உண்டு. 1959இல் அறிமுகமான பீனட்ஸ் என்ற இரட்டைச் சகோதரிகள் அப்படித்தான் பாடினார்கள். பஃபி பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இருவரும் ஒரே மெட்டை, ஒரே ஸ்தாயியில், ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். குரல்களும் ஏறக்குறைய ஒன்று போல இருக்கும். இதில் என்ன சிறப்பு என்று தோன்றலாம். இரண்டு பேர் எவ்வளவு ஒத்துப் பாடினாலும் சுருதியில் ஒரு நூல், நேரத்தில் ஒரு இமைப்பொழுது வித்தியாசம் வரத்தான் செய்யும். அந்தச் சின்ன விலகல்தான் ஒலிக்குத் தடிமன் கொடுக்கிறது. நம் பஜனையில் பத்துப் பேர் ஒரே வரியைப் பாடும்போது கிடைக்கும் நிறைவும் இதே கணக்குதான்.

பதிவுக்கூடங்களில் இந்தத் தடிமனுக்காக ஒரே பாடகரை அதே வரியை இரண்டு முறை பாடவைத்து, ஒன்றின் மேல் ஒன்று வைப்பார்கள். பீட்டில்ஸுக்கு இது அலுத்துப்போனது. 1966இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர், இரண்டாவது முறை பாடாமலேயே டேப் மெஷினை வைத்து அந்த இரட்டிப்பை உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். முப்பது வருஷம் கழித்து பீட்டில்ஸ் பைத்தியமான ஒகுதாவின் கையில், இயற்கையிலேயே இரட்டித்து வந்த இரண்டு குரல்கள் கிடைக்கின்றன. மனுஷன் விடுவாரா?

இனி சிங்கிளும் ஆல்பமும். இந்த இரண்டின் உறவு புரியாமல் ஜப்பானிய ஆல்பம் புரியாது.

சிங்கிள் என்பது ஒரு முக்கியப் பாட்டுக்காக விற்கும் சின்னத் தட்டு. 1988 முதல் ஜப்பானில் இது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள குட்டி சிடியாக வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டு, ஆனால் உறை மட்டும் நீள்சதுரமாக, இரண்டு தட்டை மேலும் கீழுமாக வைக்கும் அளவுக்கு உயரமாக இருக்கும். கவிதையும் வேண்டுதலும் எழுதும் நீளக் காகிதத் துண்டை ஜப்பானியர் ‘தன்சாக்கு’ என்பார்கள். அதன் பெயரையே இந்த உறைக்கும் வைத்துவிட்டார்கள். விலை ஏறத்தாழ 1,000 யென். முதல் பாட்டு முக்கியப் பாட்டு. இரண்டாவதற்குக் ‘கப்ளிங்’ என்று பெயர், ரயில் பெட்டியைக் கோத்துவிடுவது போல. கூடவே பல தட்டுகளில் குரல் இல்லாத வெறும் வாத்திய இசையும் இருக்கும், வீட்டில் பாடிப் பழக. இப்படி வாத்திய இசைக்கு மேல் நாமே பாடுவதுதான் கராவோகே; அந்தச் சொல்லுக்கே ‘காலி ஆர்கெஸ்ட்ரா’ என்றுதான் அர்த்தம். ‘கரா’ என்றால் காலி. ‘ஒகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் ஜப்பானியச் சுருக்கம்.

தொண்ணூறுகளில் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் சாயங்காலம் கராவோகே அறைகளில் அடைந்து கிடந்தார்கள். அங்கே பாட வேண்டுமென்றால் புதுப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் ‘டை-அப்’ என்று ஒரு ஏற்பாடு. புதிய பாட்டை ஒரு விளம்பரத்துக்கோ தொலைக்காட்சித் தொடருக்கோ கொடுத்துவிடுவது. பஃபியின் ஒரு பாட்டு ஷாம்பு விளம்பரத்தில் வந்தது, இன்னொன்று ஸ்கூட்டர் விளம்பரத்தில். விளம்பரத்துக்காக எழுதிய ஜிங்கிள் இல்லை இது. முழுப் பாட்டின் பதினைந்து விநாடி அங்கே ஓடும், மீதியைக் கடையில் போய் வாங்க வேண்டும். நாளுக்கு இருபது முறை காதில் விழுந்த பதினைந்து விநாடி ஆளைச் சும்மா விடாது.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பீட்டில்ஸ் வாசனை வீசும் அந்தப் பாட்டு 1996 அக்டோபர். ‘சர்க்யூட்டின் பெண்’ என்ற பந்தயச் சாலைப் பாட்டு 1997 மார்ச். நண்டுப் பாட்டு அடுத்த மாதமே, ஏப்ரல். ‘மதர்’ அதே வருஷம் நவம்பர். ‘காதலின் அடையாளம்’ 1998 மார்ச். ஒன்றரை வருஷத்தில் ஐந்து சிங்கிள். அதற்கடுத்த மாதம் ‘ஜெட் சிடி’ வருகிறது, இந்த ஐந்தையும் உள்ளே வைத்துக்கொண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். ரசிகர் ஏற்கெனவே ஐந்து சிங்கிளுக்கும் காசு கொடுத்துவிட்டார். ரசிகர் அல்லாதவருக்கும் விளம்பரத்திலும் கராவோகேயிலும் கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம். ஆல்பத்தின் விலையோ சுமார் 3,000 யென். பழைய பாட்டுக்கு மறுபடி எதற்குப் பணம்?

அந்த விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் புத்தகம், செய்தித்தாள், இசைத்தட்டு ஆகியவற்றுக்கு வெளியிடுபவர் சொன்ன விலைதான் கடையிலும். 1953இல் போட்டிச் சட்டத்தில் செய்த திருத்தம் இதற்கு வழிவிட்டது. கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு விலை குறைக்க முடியாது. பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே குனிந்து வணங்குவார், அவ்வளவுதான். இதில் ஒரு பக்கவிளைவு: வெளிநாட்டுப் பாடகரின் ஆல்பம் இறக்குமதியாக வந்தால் மலிவு, ஜப்பானில் அச்சிட்டால் விலை அதிகம். உள்ளூர்ப் பதிப்பை யாராவது வாங்க வேண்டுமே என்று அதில் மட்டும் ஒன்றிரண்டு பாட்டைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ஜப்பானியப் பதிப்பைத் தேடி அலைவதற்கு இது ஒரு காரணம்.

காசில்லாதவர்கள் வாடகைக் கடைக்குப் போனார்கள். 1980இல் டோக்கியோவின் மிதகா பகுதியில் தொடங்கிய ஒரு கடையிலிருந்து இந்தத் தொழில் நாடெங்கும் பரவியது. தட்டை ஒரு இரவுக்கு எடுத்துப் போய், கேசட்டில் பதிந்துகொண்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் ஊரில் வெற்று கேசட்டும் காகிதத்தில் எழுதிய பாட்டுப் பட்டியலுமாகப் பதிவுக் கடைக்குப் போனவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆக ஆல்பம் ஒன்று செய்தே ஆக வேண்டும்: தெரிந்த பாட்டைத் தெரியாத பாட்டாக்க வேண்டும். அதற்கு அதன் கையில் இருக்கும் கருவிகள் இரண்டு. வேறெங்கும் கிடைக்காத புதுப் பாட்டுகள் ஒன்று, வரிசை இன்னொன்று.

வரிசையை ஜப்பானியர் ‘கியோகுஜுன்’ என்பார்கள். பந்தியில் இலை போட்டால் எது எங்கே விழ வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா? சாம்பாருக்கு முன்னால் பாயசம் ஊற்றினால் பாயசத்துக்கும் கேடு, சாம்பாருக்கும் கேடு. ‘ஜெட் சிடி’ தொடங்குவது ‘ஜெட் போலீஸ்’ என்று பொருள்படும் ஒரு பாட்டில். அது சிங்கிளாக வந்ததில்லை. கையில் ஐந்து ஹிட் இருக்கும்போது, யாரும் கேட்டிராத பாட்டை வாசலில் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அதுதான் சரியான முடிவு என்பேன். முதல் பாட்டிலேயே ஷாம்பு விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தால் கேட்கிறவர் ‘ஓ, இதுவா’ என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். தெரியாத ஒன்று முதலில் வந்தால் நிமிர்ந்து உட்கார்வார். அப்புறம் தெரிந்த பாட்டு வரும்போது, கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

‘காதலின் அடையாளம்’ இதில் இன்னொரு வேலை செய்கிறது. அதை எழுதியது ஒகுதா இல்லை. ஸ்பிட்ஸ் என்ற குழுவின் பாடகர் குசனோ மசமுனே. அவருடைய மெட்டில் இயல்பாகவே ஒரு மெல்லிய ஏக்கம் இருக்கும். ஒகுதாவின் கேலியும் துள்ளலும் நிறைந்த பாட்டுகளுக்கு நடுவே இது வரும்போது, அலட்டிக்கொள்ளாத அதே இரண்டு குரல்கள் சட்டென்று வேறு நிறம் காட்டுகின்றன. சிங்கிளாகத் தனியே கேட்டபோது இது நல்ல பாட்டு, அவ்வளவுதான். பக்கத்துப் பாட்டுகளோடு கேட்கும்போதுதான் அந்த நிறம் தெரிகிறது. (2001இல் பையன்கள் கூட்டமாக நீச்சல் நடனம் கற்கும் ‘வாட்டர் பாய்ஸ்’ என்ற ஜப்பானியப் படத்தில் இந்தப் பாட்டு வந்து மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றியது.)

பதிவுக்கூடத்தில் இதெல்லாம் எப்படி உருவாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மெட்டுப் போட்டவர் முதலில் ஒரு டெமோ, அதாவது மாதிரி, பதிகிறார். பிறகு டிரம்ஸும் பேஸும் பதிவாகும், வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அதன் மேல் கிட்டார், கீபோர்டு. இந்த வாத்தியப் பகுதி மொத்தத்தையும் ஜப்பானியக் கூடங்களில் ‘ஒகே’ என்றே சொல்வார்கள், காலி ஆர்கெஸ்ட்ராவில் வந்த அதே ‘ஒகே’. பாடகர் வந்து கற்றுக்கொள்ள வசதியாக வேறு யாராவது பாடிவைக்கும் வழிகாட்டிக் குரலுக்குப் பெயர் ‘கரி-உத்தா’, தற்காலிகப் பாட்டு. நம் சினிமாப் பதிவுக்கூடங்களில் டிராக் பாடுவது என்கிறார்களே, அதேதான். பின்பு உண்மையான குரல். எல்லாவற்றின் அளவையும் சமன் செய்வது மிக்ஸிங். கடைசியில் எல்லாப் பாட்டையும் வரிசையில் வைத்து, ஒன்று கத்தி இன்னொன்று முணுமுணுக்காமல் ஒரே தட்டாக உணரவைப்பது மாஸ்டரிங். இரண்டு பாட்டுக்கு நடுவே எத்தனை விநாடி மௌனம் என்பதுகூட அங்கேதான் முடிவாகும். தனித்தனிப் பாட்டு ஆல்பமாகும் கணம் இதுதான் என்பது என் எண்ணம். அந்த மௌனத்தை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, ஆனால் அது தப்பினால் எல்லோருக்கும் தெரியும்.

தட்டைக் கையில் வாங்கினால் இன்னொரு சங்கதி. ஜப்பானிய சிடியின் இடது ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு உள்ள பெயர்தான் இதற்கும்: ‘ஓபி’. விலை, தட்டின் எண், எந்த விளம்பரத்தில் வந்த பாட்டு, வாங்கத் தூண்டும் ஒரு வாசகம் எல்லாம் அதில்தான் அச்சாகியிருக்கும். உறையின் படத்தைக் கெடுக்காமல் கடைக்குத் தேவையான விவரத்தை எல்லாம் இந்தப் பட்டையில் ஏற்றிவிடும் நல்ல யோசனை. இது தெரியாமல், முதன்முதலாக எனக்கு ஜப்பானிலிருந்து ஒரு பழைய சிடி வந்தபோது, பார்சல் கட்டிய காகிதம் என்று நினைத்து ஓபியைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். பட்டை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதைவிடக் குறைச்சல் என்று அப்புறம்தான் தெரிந்தது. வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில் என் சொத்து மதிப்பை நானே இறக்கிக்கொண்டேன்.

ஒரு தட்டைப் பார்த்ததும் இது ஸ்டூடியோ ஆல்பமா இல்லையா என்று சொல்லப் பழக வேண்டுமா? பஃபியின் மற்றத் தட்டுகளே நல்ல பயிற்சி. 1997இல் ‘சோலோசோலோ’. இருவரும் சேர்ந்து பாடாமல் அமி தனியாக, யூமி தனியாகப் பாடியது. சேர்ந்து பாடுவதே அடையாளமாக உள்ள இரட்டையர் பிரிந்து பாடினால் அது அவர்களின் ஆல்பமா? ஆமாம், கணக்கில் ஸ்டூடியோ ஆல்பம்தான். புதிதாகப் பதிந்தது, பஃபியின் பெயரில் வந்தது. 1999இல் வந்த ‘ஃபீவர் ஃபீவர்’ சந்தேகமே இல்லை. 2000இல் ‘அமியூமி ஜெட் ஃபீவர்’ என்று ஒன்று வருகிறது. தலைப்பைப் பாருங்கள், முந்தைய ஆல்பங்களின் பெயர்களையே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இது சிறந்த பாட்டுகளின் தொகுப்பு, ஜப்பானியர் சொல்லும் ‘பெஸ்ட் ஆல்பம்’. ஸ்டூடியோ ஆல்பம் கணக்கில் வராது. 2002இல் வந்த ‘தி ஹிட் பரேட்’ கொஞ்சம் வம்பு பிடித்தது. பதிவு புதிது, பாட்டு எல்லாம் அடுத்தவர்களுடையது. அதைக் ‘கவர் ஆல்பம்’ என்று தனிப் பெட்டியில் வைக்கிறவர்களும் உண்டு, மற்றவற்றோடு சேர்த்து எண்ணுகிறவர்களும் உண்டு. ஒரே பாடகருக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக ஆல்பம் எண்ணிக்கை சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவுக்குப் போனபோது பெயரிலேயே வம்பு வந்தது. அங்கே பஃப் டாடி, பஃபி என்றெல்லாம் அழைக்கப்பட்ட ஒரு ராப் பாடகர் ஏற்கெனவே இருந்தார். அதனால் இவர்கள் ‘பஃபி அமியூமி’ ஆனார்கள். கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்தவர் என்றால், 2003இல் தொடங்கிய ‘டீன் டைட்டன்ஸ்’ தொடரின் முகப்புப் பாட்டு உங்கள் காதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பாடியது இவர்கள்தான். சில அத்தியாயங்களில் அது திடீரென்று ஜப்பானிய மொழியில் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் இவர்களையே கதாபாத்திரங்களாக்கி ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. இளஞ்சிவப்பு முடியோடு கலகலப்பான அமி, ஊதா முடியோடு முறைத்துப் பார்க்கும் யூமி. அந்தத் தொடரின் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு தட்டும் வெளியிட்டார்கள், டைட்டன்ஸ் பாட்டும் தொடரின் முகப்புப் பாட்டும் பழைய ஜப்பானியப் பாட்டுகளுமாக. அது எந்தப் பெட்டியில் விழும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

‘ஜெட் சிடி’யைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தானை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஜெட் போலீஸ் கடந்து போகட்டும். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. நண்டுப் பாட்டு எதுவென்று யாரும் காட்ட வேண்டியதில்லை, காதில் ‘கனி’ விழும்.